விளக்குமாற்றோடு வந்தவன்

சோனோவுக்குக் கடல் புதிதில்லை. ஓஷிமா தீவில் பிறந்து வளர்ந்தவள். வாசலைத் திறந்தால் கடல். பின்கதவைத் திறந்தால் ஆரஞ்சுத் தோப்பு, அதற்கு அந்தண்டை மறுபடியும் கடல். ஆனால் அந்தக் கடலுக்கு எதிர்க்கரை உண்டு. அங்கே எழும்புகிற புகையைப் பார்த்தே யார் வீட்டில் அடுப்பு எரிகிறது என்று சொல்லிவிடலாம். யோகொஹாமாவில் கப்பல் ஏறிய மறுநாள் அவள் மேல்தளத்துக்கு வந்து நாலு பக்கமும் பார்த்தாள். எங்கேயும் கரை இல்லை. ஏணிக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பாமல் பின்பக்கமாகவே கீழே இறங்கிவிட்டாள்.

"என்ன, கடலைப் பார்த்துட்டு வந்தியா?" என்று கேட்டான் அவள் புருஷன் தொராகிச்சி.

"பார்த்தேன். போதும்."

"ஹவாய் வரைக்கும் இதேதான் வரும்."

"அப்போ ஹவாய் வந்ததும் சொல்லுங்க. கண்ணைத் திறக்கறேன்."

தொராகிச்சி கல் உடைக்கிறவன். தீவில் மலை மலையாகக் கல் இருந்தது, வாங்கத்தான் ஆள் இல்லை. அதனால்தான் கரும்புத் தோட்டத்தில் மூன்று வருஷ வேலைக்கு ஒப்புக்கொண்டு பொண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினான். அகலமான தோள், கொஞ்சம் பேச்சு. சிரித்தால் மட்டும் சின்னப் பையன் முகம் வந்துவிடும்.

சோனோ அப்போது வயிற்றுப்பிள்ளைக்காரி. இதற்கு முன் இரண்டு தடவை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. கர்ப்பிணியைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள் என்று யாரோ சொன்னதால், வயிற்றைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டி, அதன்மேல் பஞ்சு வைத்த அங்கியைப் போட்டுக்கொண்டு ஏறினாள். துறைமுகத்தில் டாக்டர் கண்ணை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், அவ்வளவுதான். புத்தாண்டு கழிந்து, தோட்டத்தில் போய் இறங்கி, மூச்சு விட்ட பிறகுதான் பிள்ளை பிறக்கும் என்று ஊர் மருத்துவச்சி சொல்லியிருந்தாள். அதை நம்பித்தான் இரண்டு பேரும் புறப்பட்டார்கள்.

கப்பலின் அடிவயிற்றில் மேலும் கீழுமாகப் பரண் அடித்து, ஆளுக்கு ஒரு பாய் இடம் கொடுத்திருந்தார்கள். முள்ளங்கி ஊறுகாய் வாடை, கரிப்புகை, வாந்தி, ஈரத்துணி எல்லாம் சேர்ந்து ஒரே நாற்றமாகி அங்கேயே தங்கிவிட்டது. இயந்திரத்தின் சத்தம் பலகை வழியாக முதுகுக்குள் வந்து உரல் இடிக்கிற மாதிரி இடித்துக்கொண்டே இருக்கும். பக்கத்துப் பாயில் யோனே என்று ஒருத்தி. அதே தீவு, அடுத்த கிராமம். ஐந்து பெற்று ஐந்தும் உயிரோடு தக்கியவள். பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டுப் புருஷனோடு வந்திருந்தாள். படுத்தபடியே வாந்தி எடுப்பாள், எடுத்து முடித்ததும் சிரிப்பாள்.

"என் வீட்டுக்காரர் பாரு, குறட்டை விடறார். கப்பல் மூழ்கினாலும் கடலடியில போய்த்தான் முழிப்பார்" என்பாள்.

புயல் வந்தது. பரணில் இருந்த பெட்டிகளெல்லாம் உருண்டன. சோறு வடிக்கிற அண்டா கவிழ்ந்து கஞ்சி எல்லார் பாயிலும் ஓடியது. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து, நிமிரலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி அப்படியே நின்றபோது, சோனோவின் இடுப்பில் வலி பிடித்தது.

"அக்கா, இது கடல் வலி இல்லக்கா" என்றாள்.

யோனே எழுந்து உட்கார்ந்தாள். ஒரு கையால் பரண் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் பிள்ளையை வாங்கினாள். அரிவாள்மணை இல்லை, வெந்நீர் இல்லை. தையல் கத்தரியை விளக்கில் காட்டித் தொப்புள்கொடியை அறுத்தாள். பிள்ளை ஒரு கைப்பிடி அளவுதான் இருந்தது. ஆனால் கத்தின கத்தலில் புயலே கொஞ்சம் ஒதுங்கின மாதிரி இருந்தது.

"பையன்டி! மூக்கைப் பாரு, அரிசிமணி மாதிரி!" என்று கத்தினாள் யோனே. உடனே அவள் வாய் அப்படியே நின்றுவிட்டது.

சுற்றிலும் இருந்த ஓஷிமா ஆட்கள் ஒவ்வொருத்தராகத் தொராகிச்சியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எங்கள் ஆட்களுக்குப் பிறந்த அன்றே ஒரு வயது. அதன் பிறகு புத்தாண்டு வந்தால் ஊரில் எல்லாருக்கும் ஒரேயடியாக ஒரு வயது ஏறும். புத்தாண்டு வர இன்னும் சில நாள்தான் இருந்தது. வந்தால், இந்தக் கைப்பிடிக் குழந்தைக்கு இரண்டு வயது. தொராகிச்சிக்கு நாற்பத்திரண்டு. அப்பனுக்கு நாற்பத்திரண்டு நடக்கும்போது வீட்டில் இரண்டு வயது ஆண்பிள்ளை இருந்தால், இரண்டில் ஒரு உயிர் அந்த வருஷம் தாண்டாது. ஓஷிமாவில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. தொராகிச்சியின் சித்தப்பாவுக்கு அப்படித்தான் ஒரு பிள்ளை பிறந்தது. அவர் சிரித்துத் தள்ளினார். வாற்கோதுமை அறுக்கிற மாதத்தில் கல்குழியில் பாறை சரிந்தது. அவரை வெளியே எடுத்தபோது தொராகிச்சி பக்கத்தில் நின்றிருந்தான்.

பிள்ளை பிறந்த சேதியை மேலே கப்பல் அதிகாரிகளிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னால் வயிற்றை மறைத்து ஏறியதும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

சோனோவுக்குப் பிள்ளையைப் பார்க்கப் பார்க்கத் தெவிட்டவில்லை. கொட்டாவி விட்டால் முகம் முழுக்க வாயாகிவிடும். தூக்கத்தில் எதற்கோ கோபப்பட்டுப் புருவத்தைச் சுருக்கும். கால்விரல்களை ஒவ்வொன்றாக வாயில் வைத்துப் பார்ப்பாள், பட்டாணி மாதிரி இருக்கும். பார்த்துக்கொண்டே இருக்கும்போது நாற்பத்திரண்டு நினைவுக்கு வரும். நிமிர்ந்து புருஷனைப் பார்ப்பாள். அவன் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பான்.

"ஒரு தடவை தூக்கிப் பாருங்களேன்."

"கை அழுக்கா இருக்கு."

"நடுக்கடல்ல என்ன அழுக்கு உங்களுக்கு?"

அவன் எழுந்து ஏணிப்பக்கம் போய்விடுவான்.

ஒருநாள் அந்தப் பக்கத்துப் பரணில் ஆம்பளைகள் பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்தது. "ஊரா இருந்தா யாருக்காவது தத்து கொடுத்துடலாம். இங்க யாருக்குக் கொடுக்கறது, கடலுக்கா?" என்றான் ஒருவன். இரண்டு பேர் சிரித்தார்கள். தொராகிச்சி சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. அவன் திட்டாததுதான் சோனோவுக்குள் முள்ளாக ஏறியது. அன்றையிலிருந்து பிள்ளையைத் தன் அங்கிக்குள் விட்டு, இடுப்புத் துணியால் தன் உடம்போடு கட்டிக்கொண்டுதான் கண்ணை மூடினாள். கணவன் புரண்டு படுத்தால்கூட விழித்துக்கொள்வாள்.

அப்புறம் ஒரு சாவு. குமாமோதோ பக்கத்துக் கிழவர் ஒருவர், யோகொஹாமாவிலிருந்தே இருமிக்கொண்டு வந்தவர், ஒருநாள் காலையில் இருமவில்லை. அவரைப் பாய்மரத் துணியில் வைத்துத் தைத்துவிட்டார்கள். மாலுமி ஒருவன் வந்து மூட்டையைத் தனியாளாகத் தோளில் தூக்கினான். நெஞ்சுவரைக்கும் செம்பட்டைத் தாடி. கண் வெளுத்த நீலம். கையெல்லாம் தாடி நிறத்தில் மயிர். பெண்கள் அவனுக்கு அரக்கன் என்றே பேர் வைத்திருந்தார்கள். அவன் மூட்டையைக் கம்பித்தடுப்பு வரை கொண்டுபோய், பலகையில் வைத்துச் சாய்த்தான். தண்ணீரில் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. கிழவருக்கு ஊதுவத்தி ஏற்ற ஒரு இடம் இல்லாமல் போயிற்று. கப்பல் நிற்கக்கூட இல்லை.

"ஒண்ணு ஆரம்பிச்சாச்சு" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அன்று சோனோ யோனேயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, போட்டுடலாம்க்கா. நான் போடறேன். நீ எடு."

யோனே உடனே தலையாட்டினாள். "நீ எப்போ கேப்பேன்னுதான் இருந்தேன். நாமா கேட்டு வாங்கக் கூடாது பாரு."

ஊர் வழக்கம் அதுதான். புத்தாண்டுக்கு முன்னால் பெற்றவள் பிள்ளையை முச்சந்தியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். முன்கூட்டியே பேசிவைத்த ஒருத்தி, தக்கிய பிள்ளைகளைப் பெற்றவள், விளக்குமாற்றோடு வருவாள். குப்பையைக் கூட்டுகிற மாதிரி இரண்டு தடவை கூட்டி, 'அடடா, யாரோ பிள்ளையைப் போட்டுட்டுப் போயிருக்காங்களே' என்று எடுத்துக்கொள்வாள். அப்புறம் பெற்றவர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து, 'இது என் பிள்ளை, வளர்த்துக் கொடுங்க' என்பாள். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளையை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொள்வார்கள். அதன் பிறகு அது அந்த அப்பனுடைய பிள்ளை இல்லை. நாற்பத்திரண்டு ஏமாந்து போய்விடும். ஆனால் போட்டதற்கும் வாங்குவதற்கும் நடுவில் பெற்றவர்கள் வாயிலிருந்து 'என் பிள்ளை' என்று ஒரு சொல் வந்துவிட்டால், செய்ததெல்லாம் பாழ். இரண்டாம் தடவை போட முடியாது.

தொராகிச்சியிடம் சொன்னார்கள். "கப்பல்ல முச்சந்திக்கு எங்க போறது?" என்றான் அவன். அவன் குரல் நடுங்கியதை அன்றுதான் சோனோ கேட்டாள். அவனுக்குத் தன் உயிரைப் பற்றி மட்டும் பயமில்லை என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இரண்டில் எந்த உயிர் போகும் என்று தெரியாததால்தான் அவன் பிள்ளையைத் தொடாமல் இருந்தான்.

முச்சந்தியை யோனேதான் கண்டுபிடித்தாள். நம் ஏணி மேலே வந்து சேருகிற வழி, சமையல்கூடத்து வழி, கம்பித்தடுப்புப் பக்கம் போகிற வழி, மூன்றும் ஒரு இரும்புத்தூண் பக்கத்தில் சந்தித்தன. விளக்குமாற்றைச் சமையல்காரனிடம் கெஞ்சி வாங்கினாள். "எதுக்கு?" என்று அவன் கேட்டதற்கு, "வீட்டுக்காரரை அடிக்க" என்றாள்.

அன்று, கப்பல்காரர்கள் பேசுவதை எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்கிற துபாஷி கீழே வந்தார். தோக்கியோக்காரர். மேல்நாட்டுக் கோட்டு, மெழுகு போட்ட மீசை. ஏணியின் கடைசிப் படிக்குக் கீழே அவர் கால் வைத்ததில்லை. அங்கேயே நின்று, கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு அறிவித்தார்.

"எல்லாரும் கேளுங்க. பூமியோட பாதியைத் தாண்டறோம். அதனால இன்னிக்கு வந்த கிழமையே நாளைக்கும் வரும். நாளைக்கும் இன்னிக்குத்தான்."

"ஐயா, அப்போ இவரோட ஒரே நாளை ரெண்டு தடவை குடும்பம் நடத்தணுமா? இதை முன்னாடியே சொல்லியிருந்தா ஏறியிருக்க மாட்டேனே!" என்றாள் யோனே. பரண் முழுக்கச் சிரித்தது. சோனோ மட்டும் சிரிக்காமல், புத்தாண்டு ஒரு நாள் தள்ளிப்போயிற்று என்று பிள்ளையின் காதில் சொன்னாள்.

வருஷக் கடைசி நாள் விடியற்காலை. பிள்ளைக்கு வயிறு நிறையப் பால் கொடுத்தாள். பிரம்புப்பெட்டியின் மூடியில் துணி விரித்துப் படுக்கவைத்து, அங்கிக்குள் மறைத்துக்கொண்டு மேலே ஏறினாள். முகத்தில் அடித்த காற்றில் கண்ணீர் வந்தது. தளம் காலியாக இருந்தது. இரும்புத்தூண் பக்கம் மூடியை வைத்தாள். பிள்ளை கையை வெளியே எடுத்து, ஒன்றுமில்லாத காற்றைப் பிடித்தது.

சோனோ எழுந்தாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பொய்யாகப் போடுவதுதான் என்று தெரியும். ஆனாலும் ஒவ்வொரு அடிக்கும் உடம்பிலிருந்து எதையோ உரித்து எடுக்கிற மாதிரி இருந்தது. சமையல்கூடத்துச் சுவருக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள். யோனே கீழே ஏணியடியில் காத்திருந்தாள். கொஞ்சம் பொறுத்து ஏறி வரவேண்டியது. கூட்டுகிற சத்தம் கேட்டதும் மூச்சு விடலாம் என்று சோனோ காத்திருந்தாள்.

இந்த இடத்தில்தான் தப்பு நடந்தது. காலையில் மாலுமிகள் தளத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவுவார்கள். கழுவுவதற்கு முன்னால், கீழே தண்ணீர் ஒழுகாமல் இருக்க ஏணிவாயை மூடியால் மூடிவிடுவார்கள். அந்த நேரத்தில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருப்பதால் நம் ஆட்கள் யாருக்கும் அது தெரியாது. யோனே பாதி ஏணியில் இருக்கும்போது தலைக்குமேல் மூடி விழுந்தது. அவள் விளக்குமாற்றுக் கட்டையால் இடித்தாள், கத்தினாள். இயந்திரச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

சோனோவுக்குக் கூட்டுகிற சத்தம் கேட்டது.

சரக், சரக்.

அப்பாடா என்று கண்ணைத் திறந்தாள். சுவரோரமாக எட்டிப் பார்த்தாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது அவளுக்கு மறந்துவிட்டது. பார்த்தது யோனே இல்லை. செம்பட்டைத் தாடிக்காரன். கையில் நீளக் கட்டை போட்ட, முரட்டு நாரில் செய்த விளக்குமாறு. தளத்தைக் கூட்டிக்கொண்டே வந்தவன், இரும்புத்தூணுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டான். குனிந்தான். விளக்குமாற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பிள்ளையைத் துணியோடு தூக்கினான்.

சோனோவின் தொண்டைவரை கத்தல் வந்தது. 'என் பிள்ளை' என்று கத்தினால் போதும், அவன் கொடுத்துவிடுவான். கத்தினால் நாளைக்குப் பிறக்கிற வருஷம் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளும். அவள் முன்கையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

அவன் துணிமூட்டையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு இங்கும் அங்கும் பார்த்தான். ஏதோ சொல்லிக் கூப்பிட்டான். பதில் வரவில்லை. அப்புறம் கம்பித்தடுப்புப் பக்கம் நடந்தான்.

அதே கம்பித்தடுப்பு. அதே இடம். அன்றைக்குக் கிழவரைத் தூக்கிக்கொண்டு போன அதே நடை. ஒன்றும் நடக்காத மாதிரி கப்பல் போய்க்கொண்டிருந்தது. சோனோ சுவரைப் பிடித்துக்கொண்டு, மண்டியில் தவழ்ந்து, கயிற்றுக் குவியலுக்குப் பின்னால் போனாள். அவன் பிள்ளையை உயர்த்தினால் பாய்ந்துவிடுவது, இரண்டு பேருமாகக் கடலில் விழுந்தாலும் பாய்ந்துவிடுவது என்று இருந்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை.

அவன் வெளிச்சத்துக்காகத்தான் அங்கே போயிருக்கிறான். துணியை விலக்கிப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தான். தாடி காற்றில் பறந்து பிள்ளையின் மூக்கில் பட்டது. பிள்ளை தும்மியது. அவன் தன் சட்டைப் பொத்தானைக் கழற்றி, பிள்ளையை உள்ளே விட்டு, மேல்மாடிப் படியில் ஏறிப் போய்விட்டான்.

சூரியன் நன்றாக ஏறிய பிறகு எல்லாரையும் மேலே கூப்பிட்டார்கள். பெண்களை ஒரு வரிசையாக நிறுத்தினார்கள். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவர் பக்கத்தில் துபாஷி. கொஞ்சம் தள்ளித் தாடிக்காரன். அவன் சட்டைக்குள்ளிருந்து பிள்ளை கத்துகிற சத்தம் வந்துகொண்டிருந்தது.

துபாஷிக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது. "யாரோட பிள்ளை இது? இந்தக் கடுங்குளிர்ல தளத்துல வீசிட்டுப் போயிருக்கா ஒருத்தி! மரியாதையாச் சொல்லிடுங்க. சொல்லலேன்னா ஹொனொலுலுவுல அநாதைப் பிள்ளைங்க இல்லத்துல கொடுத்துடுவாங்க. வெள்ளைக்காரங்களுக்கு முன்னாடி நம்ம மானமே போகுது!"

ஓஷிமாக்காரர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். துபாஷி வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து சோனோ முன்னால் நின்றார். அவள் முன்கையில் பல் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது.

"ஏம்மா, உன் பிள்ளையா?"

பிள்ளை அங்கே கதறிக்கொண்டிருந்தது. பசிக் கதறல். அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். ஆமாம் என்று சொன்னால் பிள்ளை கைக்கு வந்துவிடும், வந்து எத்தனை நாளைக்கு?

"இல்லீங்க" என்றாள்.

"நல்லாப் பார்த்துச் சொல்லு."

"என் பிள்ளை இல்லீங்க. ஆனா எங்கிட்டக் கொடுங்க. நான் வளர்க்கறேன்."

"என்னது?"

"யாரோட பிள்ளையோ. கொடுங்க, வளர்க்கறேன்."

துபாஷி பொறுமை இழந்துவிட்டார். "இது என்ன சந்தையா, ஆளாளுக்குத் தூக்கிட்டுப் போக? பெத்தவ யாருன்னு தெரிஞ்சாகணும். பிள்ளையைக் கொல்லப் பார்த்தவளைப் புருஷனோட சேர்த்து இதே கப்பல்ல திருப்பி அனுப்புவாங்க!"

ஆண்கள் பக்கத்திலிருந்து தொராகிச்சி முன்னால் வந்தான். முகம் வெளிறிக் கிடந்தது. "ஐயா, அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. அது என்..."

சோனோ தாவிப்போய் அவன் வாயைக் கையால் பொத்தினாள். அத்தனை பேர் முன்னால் புருஷனை அவள் தொட்டது அதுதான் முதல் தடவை. "பேசாதீங்க. செத்துப்போவீங்க" என்று அவன் காதில் சீறினாள். அவன் கண்ணில் தண்ணீர் திரண்டது. அவள் கையை எடுக்கவில்லை.

அப்போது பிள்ளை மூச்சுப் பிடித்துக்கொண்டு ஒரு கத்து கத்தியது. சோனோவின் உடம்பு அவள் பேச்சைக் கேட்கவில்லை. நெஞ்சில் ஊசி குத்துகிற மாதிரி இருந்தது, அங்கி நனைந்தது. பஞ்சு வைத்த துணியையும் மீறி இரண்டு பக்கமும் ஈரம் வட்டமாகப் படர்ந்தது. கையால் மறைத்தாள், கைவழியாகவும் கசிந்தது.

அதிகாரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். துபாஷி மீசையைத் தொட்டார். தாடிக்காரன் மட்டும் பார்த்தான். சட்டைக்குள்ளிருந்து பிள்ளையை எடுத்து, யாரையும் கேட்காமல், தளத்தைக் குறுக்கே கடந்து அவள் முன்னால் வந்து நின்றான்.

சோனோ கையை நீட்டவில்லை. எடுத்தவன் சொல்லவேண்டியதைச் சொல்லுமுன் நீட்டினால் முறை கெட்டுவிடும்.

"ஐயா!" என்று பின்னாலிருந்து யோனேயின் குரல். "ஐயா, அந்த ஆளை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. 'இது என் பிள்ளை, வளர்த்துக் கொடு'ன்னு சொல்லணும். அவர் விளக்குமாறோட வந்து எடுத்தாரா இல்லையா? அதைக் கேளுங்க முதல்ல!"

"உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?"

"எனக்கு எப்பவோ பேதலிச்சாச்சு, அஞ்சு பெத்தேன். நீங்க கேளுங்க."

துபாஷி எல்லார் முகத்தையும் பார்த்தார். ஓஷிமா, குமாமோதோ எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவருடைய அம்மாவும் ஏதோ ஒரு கிராமத்துக்காரிதானே. தாடிக்காரனிடம் அவன் பாஷையில் என்னவோ சொன்னார். அவன் தாடியைச் சொறிந்தான். பிள்ளையைப் பார்த்தான். தடித்த குரலில் நாலு வார்த்தை சொன்னான். சொல்லிவிட்டுப் பிள்ளையை அவள் கையில் வைத்தான்.

"சொல்லிட்டான்" என்றார் துபாஷி, எங்கேயோ பார்த்துக்கொண்டு.

"யாரோட பிள்ளையோ, வளர்த்துத் தர்றேன்" என்றாள் சோனோ. அத்தோடு தரையில் உட்கார்ந்து, எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு பால் கொடுத்தாள்.

அதிகாரி கேட்டதற்குத் துபாஷி சுருக்கமாக ஏதோ சொன்னார். அதிகாரி தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். என்ன சொன்னீங்க என்று யோனே பிறகு துருவிக் கேட்டபோது, "பால் கொடுக்க ஆள் கிடைச்சாச்சுன்னு சொன்னேன். போம்மா" என்றார்.

எங்கள் பாஷையில் 'சுத்தே' என்றால் போடுவது; போட்டு எடுத்த பிள்ளை என்பதால் சுத்தேகிச்சி என்று பேர் வைத்தார்கள்.

ஆனால் சோனோவின் பயம் அத்தோடு தீரவில்லை. அந்த ஆள் உண்மையில் என்ன சொன்னான்? 'இது என் பிள்ளை' என்றா, 'தூக்கித் தொலை' என்றா? நான் வேறு திரும்பிப் பார்த்துத் தொலைத்தேனே? கரும்புத் தோட்டத்தில் இறங்கிய நாள் முதல் அவளுக்கு இதே நினைப்பு. தொராகிச்சி வெட்டுக்கத்தியைத் தீட்டும்போது பக்கத்தில் போய் நிற்பாள். பிள்ளைக்கு உடம்பு சுட்டால் இரவு முழுக்க மூச்சை எண்ணுவாள். மழைக்காலத்தில் தோட்டத்தில் ஜுரம் பரவி, தொராகிச்சி பாயில் விழுந்து தன் சித்தப்பாவைக் கூப்பிட்டுப் பிதற்றியபோது, அவள் பிள்ளையைக் கொண்டுபோய் யோனேயின் குடிசையில் விட்டுவிட்டாள். "அது செந்தாடிக்காரர் பிள்ளை. இந்த வீட்டுப் பிள்ளை இல்லை" என்று இருட்டில் சத்தமாகச் சொல்லிக்கொண்டே புருஷனுக்கு ஈரத்துணி மாற்றினாள். யாருக்குக் கேட்கவேண்டும் என்று சொன்னாளோ! ஜுரம் இறங்கியது.

அந்த வருஷம் முழுக்கத் தொராகிச்சி பிள்ளையைத் தொடவில்லை. பிள்ளை தவழ்ந்து வந்து காலைப் பிடித்தால், மெதுவாகக் காலை விலக்கிக்கொள்வான். "பெரியவரே, உங்க அப்பா கப்பல்ல இருக்கார். நான் இல்லை" என்பான். பிள்ளைக்கு அது விளையாட்டு. சிரித்துக்கொண்டு இன்னொரு காலைப் பிடிக்கும். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வதைச் சோனோ பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி அடுப்பை ஊதுவாள்.

மறுபடியும் புத்தாண்டு வந்தது. விடிந்ததும் சோனோ குடிசை வாசலைப் பெருக்க விளக்குமாற்றை எடுத்தாள். புத்தாண்டு அன்று பெருக்கக் கூடாது என்பது நினைவுக்கு வந்து, கதவோரமாகவே சாத்திவைத்தாள். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. வருஷத்தின் கடைசி இரவில் ஏதாவது ஆகியிருந்தால்? ஓடிப்போய்ப் பார்த்தாள்.

நாற்பத்துமூன்று வயதாகிவிட்ட தொராகிச்சி பாயில் உட்கார்ந்திருந்தான். எழுந்து நிற்கப் பழகியிருந்த சுத்தேகிச்சி அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தான். தொராகிச்சி இரண்டு கையையும் துணியில் துடைத்தான். மறுபடி துடைத்தான். கல் உடைத்துக் காய்த்துப்போன கையைப் பிள்ளையின் அக்குளில் கொடுத்துத் தூக்கினான். தூக்கத் தெரியாமல், அரிசி மூட்டையைத் தூக்குகிற மாதிரி தூக்கினான். பிள்ளை அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டது.

"கனக்கறானே! நம்ம பிள்ளை என்னமாக் கனக்கறான் பாரு!" என்றான்.

"மெதுவாப் பேசுங்க" என்றாள் சோனோ. வாசல்பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். கதவோரம் விளக்குமாறு சாய்ந்திருந்தது. போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.